காலநிலைப் பொறுப்பில் ஏற்றத்தாழ்வு: கடப்பாக்கம் – செய்யூர்க் கடற்கரை

காலநிலைப் பொறுப்பில் ஏற்றத்தாழ்வு என்பது, புவியை வெப்பமாக்கும் வாயுக்களை மிகுதியாக வெளியிடுவோர் ஒரு சாராராகவும், அதன் விளைவான புயல், பெருமழை, கடலரிப்பு ஆகியவற்றைத் தாங்குவோர் வேறொரு சாராராகவும் இருக்கும் நிலையாகும். நாடுகளுக்கிடையே எழுந்த இவ்வழக்கு ஒரே நாட்டுக்குள்ளும் உண்டு என்பதை, செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் இடைக்கழிநாடு பேரூராட்சியில் அடங்கிய கடப்பாக்கத்தையும் அதைச் சூழ்ந்த செய்யூர் வட்டத்தையும் கொண்டு அறியலாம்.

சென்னையின் எரிபொருள் தேவை இக்கரையைத் தொட்டது புதிதன்று. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் வழியே, 19ஆம் நூற்றாண்டில் நகரத்து அடுப்புகளுக்கு இப்பகுதியின் சவுக்கு விறகும் உப்பும் படகுகளில் சென்றன. 1984இல் கரியமில வாயு வெளியிடாத அணுமின் நிலையம் வடக்கே கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது.

பொறுப்பைப் பற்றிய வாதம் கூர்மை பெற்றது 1991இல் ஆகும். அமெரிக்காவின் உலக வள நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட கணக்கு இந்தியாவை முதல் ஐந்து உமிழ்வு நாடுகளுள் சேர்த்திருந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதை மறுத்து, காற்றையும் கடலையும் எல்லா மனிதருக்கும் சமமான பங்குடைய பொதுச்சொத்தாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்றும், பிழைப்புக்கான உமிழ்வும் ஆடம்பரத்துக்கான உமிழ்வும் ஒன்றல்ல என்றும் எழுதினர். தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. செய்யூரின் ஏரிப்பாசன நெல்வயல் விடும் அவ்வாயுவும் மேலைநாட்டுக் கார் விடும் புகையும் ஒரே பட்டியலில் ஒன்றாக எழுதப்பட்டதே அவர்கள் கண்ட குறை. 1992இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற கொள்கையை ஏற்றது.

அந்தக் கொள்கை நாட்டை ஒரே ஆளாகக் கருதியது. இந்தியா அதன் நிழலில் வசதியாக நின்றுகொண்டது என்று சொல்வது மிகையாகாது. மத்திய அரசின் மீப்பெரு மின்திட்டங்களுள் ஒன்றாக, 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் செய்யூருக்கு அறிவிக்கப்பட்டது. நிலக்கரி இறக்கப் பனையூரில் தனித் துறைமுகமும் திட்டத்தில் இருந்தது. 2013இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஏரியும் நீர்வழியும் பாழாகும், சாம்பல் வயலில் படியும் என்று உழவரும், வலை விரிக்கும் கரையைத் துறைமுகம் விழுங்கும் என்று மீனவரும் எதிர்த்தனர். அத்தகைய நிலையம் முழுவீச்சில் இயங்கினால் ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். இந்தியாவில் வருவாயில் கீழ்ப்பாதியிலுள்ள மக்கள் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் ஒரு டன் வெளியிடுவதாக 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை மதிப்பிடுவதால், அது 2 கோடிக்கும் மேற்பட்ட ஏழைகளின் பங்குக்குச் சமம். தனியார் நிறுவனங்கள் விலகியதையடுத்து 2015 தொடக்கத்தில் ஏலம் கைவிடப்பட்டது.

அதே அறிக்கை இந்தியரில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரின் தலா உமிழ்வைச் சுமார் 9 டன் என்கிறது. சராசரி என்னும் போர்வைக்குள் இவ்வேறுபாடு மறைகிறது என்பதை 2007லேயே கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு, செல்வர்கள் ஏழைகளின் முதுகுக்குப் பின்னே ஒளிகிறார்கள் என்று குற்றஞ்சாட்டிச் சொல்லியிருந்தது; உயர்வருவாய்ப் பிரிவினர் கடைநிலையினரைப் போல் நான்கரை மடங்கு வெளியிடுவதாக அது கணக்கிட்டது.

சுமை எங்கே விழுகிறது என்பதற்கு உப்பளமே நல்ல சான்று. கடப்பாக்கத்துக்குத் தெற்கே மரக்காணம் வரை பரவிய பாத்திகளில் உப்பு விளைவது வெயிலால். எனவே இத்தொழிலின் எரிபொருள் செலவு மிகக் குறைவு. பருவம் தவறிய ஒரு மழை பாத்தியில் படிந்த உப்பைக் கரைத்து, வரப்பை உடைத்து, சேறு கலந்து விடுமாயின், பாத்தியைத் திருத்தி மீண்டும் உப்பு நீர் கட்டும் வரை கூலி இல்லை. 2011 திசம்பரில் தானே, 2022இல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ், 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் ஆகிய புயல்கள் இக்கரையைத் தாக்கியவை. பெஞ்சலின்போது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. ஒரு புயலை மட்டும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்ட இயலாதெனினும், கடல் சூடேறுவதால் பெருமழை வலுக்கிறது என்பது அறிவியலின் பொதுமுடிவு.

இழப்பீட்டுக்கென 2022இல் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட உலக நிதி, அரசுகளை நோக்கியே அமைந்தது. பெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த பயிர் நிவாரணம் எக்டேருக்கு 17,000 ரூபாய் என்ற கணக்கில் அமைந்தது. நிலமற்ற உப்பளத் தொழிலாளிக்கு அக்கணக்கில் இடமில்லை. அவருக்கென 2022 முதல் வழங்கப்படுவது, மழைக்கால வேலையின்மைக்கான 5,000 ரூபாய் நிவாரணமாகும்.