அம்மாளும் அம்மைப்பாலும்

வைசூரியை நம் மக்கள் 'அம்மாள்' என்றே அழைத்தனர். நோயுற்றவர் மேனியில் தெய்வம் இறங்கியுள்ளதெனக் கருதி, வாசலில் வேப்பிலை செருகினர்; குளிர்ச்சியான உணவு கொடுத்தனர். இதனை வெறும் மூடத்தனமென்று தள்ளிவிடும் முற்போக்காளர் நம்மிடையேயும் உளர். வரலாறோ வேறு கதை கூறுகின்றது.

சீதளா தேவியை வணங்கிய வங்காளத்திலே, பிராமணர் ஊரூராகச் சென்று வைசூரிக் கொப்புளத்தின் சீழைக் கையிற் குத்தி, நோயை இலேசாக வரவழைத்துத் தடுத்தனர். 1767இல் ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் இதனை விரிவாக எழுதினார். பூசையும் பத்தியமும் அச்சிகிச்சையின் கூறுகளாகவே இருந்தன. தெய்வத்தை நம்பியோரே தடுப்பையும் நாடினர் என்பது இங்கு கருதத்தக்கது. ஆயின் குத்தப்பட்டவரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றக்கூடும். ஜென்னர் 1798இல் வெளியிட்ட பசு அம்மைப்பால் முறையில் அவ்வபாயம் இல்லை. 1802இல் அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. ஆனால் பூசையோடன்று, அரசாங்க உத்தரவோடு வந்தது. 1865இல் கல்கத்தாவில் பழைய முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது.

மக்கள் தயங்கியபோது ஆட்சியாளர் கண்ட வழிகளில் ஒன்று விசித்திரமானது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பமென 1816இல் எடுத்துக்காட்டிய அறிஞர் எல்லிஸ், அம்மைப்பால் தெய்வம் அருளிய கொடையே எனப் புராணப் பாங்கில் ஒரு கதை புனைந்தார். 1819இல் சென்னைப் பத்திரிகையொன்றில், தன்வந்திரி பேரால் வழங்கும் பழைய நூலிலேயே இம்முறை உண்டென்றொரு செய்தியும் வந்தது. ஐரோப்பிய ஏடுகள் அதனை மெய்யென நம்பி மறுபதிப்புச் செய்தன! மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளிப்பது வேறு. அதனைத் தூண்டிலாக்குவது வேறு. மற்றைய வழி பலவந்தம். அது அந்நியர் ஆட்சியோடு ஒழிந்ததெனக் கூறுவதற்கில்லை.

வைசூரி முற்றாக ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார மகாசபை பிரகடனஞ் செய்தது. மனித குலத்தின் மாபெரும் வெற்றிகளுள் அஃதொன்று. அம்மை குத்தியது சரியே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றிக்குச் சில ஆண்டுகள் முன்னர், பீகாரின் சிங்பூம் பகுதியில், ஆதிவாசித் தலைவரொருவரின் குடிசைக் கதவை நள்ளிரவில் உடைத்து உட்புகுந்தனர் சுகாதாரக் குழுவினர். நோய் தெய்வ சித்தம், ஊசி வேண்டாம் என்றவரைப் பிடித்து அழுத்திக் குத்தினர். குழுவிலிருந்த அமெரிக்க வைத்தியர் பிரில்லியன்ட் இதனைப் பின்னர் எழுதிவைத்துள்ளார். எல்லாம் முடிந்தபின் அத்தலைவர் எழுந்து, தம் கடமையைத் தாம் செய்ததாகவும், வந்தவர் தம் கடமையைச் செய்ததாகவும் கூறினார். இனி அவர்கள் தம் வீட்டு விருந்தினர் என்று சொல்லித் தோட்டத்தில் விளைந்த காயொன்றைப் பறித்து வந்து கொடுத்தார்.