மீன் பெட்டிக்குள் ஓர் அடைக்கோழி

குளச்சலில் ஐஸோடு மீன் ஏற்றி அனுப்பும் தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதே பெட்டிதான் இன்று நாஞ்சில் நாட்டு வீடுகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிரைக் காக்க வந்தது, சூட்டைக் காக்கிறது. உள்ளே ஒரு குண்டு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர், 37.5 டிகிரியைத் தாண்டினால் பல்பை அணைக்கும் சீனத்துக் கருவி. முட்டைகளைத் தினமும் புரட்டிக் கொடுத்தால் 21 நாளில் கீச்சுக் கீச்சு.

கோழியின் இந்த வேலையை முதலில் பெரிய அளவில் கையிலெடுத்தவர்கள் எகிப்தியர்கள். அங்கே சாணக் குவியலில் முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். சிரக்யூஸ் ஊர்க் குடிகாரர் ஒருவர் பாய்க்கடியில் முட்டைகளைப் புதைத்து, குஞ்சு வரும்வரை குடித்துக்கொண்டே இருந்தாராம். அதையும் அவர்தான் சொல்கிறார். இத்தனை பொறுமையான அடைக்கோழி வேறெங்கும் கிடைக்காது!

பின்னாளில் நைல் டெல்டாவின் பெர்மா ஊர்க்காரர்கள் மண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். தெர்மாமீட்டர் இல்லை, முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். தொழில் ரகசியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும். அதை நகலெடுக்க ஆசைப்பட்ட பிரெஞ்சுக்காரர் ரியூமர், சாணத்துக்குள் பீப்பாய்களைப் புதைத்து, அவற்றுக்குள் முட்டைக் கூடைகளை இறக்கினார். இமைக்குப் பதிலாக, தானே வடிவமைத்த தெர்மாமீட்டர். 1749-ல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ரகசியம் உடைந்தது.

1878-ல் பாரிஸ் விலங்குத் தோட்டத்தில் கோழிக்குஞ்சுப் பெட்டியைப் பார்த்த மகப்பேறு மருத்துவர் தார்னியே, குறைமாதப் பிள்ளைகளுக்கும் அப்படியொன்று செய்தாலென்ன என்று கேட்டார். பிரசவ ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குப் பூர்வீகம் அந்தக் கோழிப்பெட்டிதான்.

மறு ஆண்டே அமெரிக்காவின் பெட்டலுமாவில் லைமன் பைஸ் இன்குபேட்டர் செய்யத் தொடங்க, ஊரே கோழிப்பண்ணையானது. பெட்டி இருக்கையில் கோழி எதற்கு அடை உட்கார வேண்டும்? முட்டைக்காகவே பொறுக்கியெடுக்கப்பட்ட லெகார்ன் வகைக்கு அடைகாக்கும் குணமே ஏறக்குறைய மறந்துபோனது. நம் நாட்டுக்கோழிக்கு இன்னும் மறக்கவில்லை; ஆனால் நமக்கு வேண்டும்போது அது உட்காராது.

எங்கள் ஆச்சி நார்ப்பெட்டியில் அடை வைக்கும்போது, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போடுவாள். தெர்மாகோல் பெட்டிக்குள்ளும் போட்டாள். நான் சிரித்தேன். மூன்றாம் நாள் இடி இடித்துக் கரண்ட் போனது. பழைய கம்பளியோடு ஓடி வந்து பெட்டியைப் போர்த்தியவளும் அவள்தான்.