நிழற்படமும் புறக்குறிப்பும்

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களக் காட்சிகளையும், புகழ்பெற்றோர் உருவங்களையும், கலைஞர் சிலரின் தனித்திறனையுமே விரித்துரைப்பர். குடும்பத்தார் ஒருநாள் ஆற்றங்கரைக்குச் சென்றது, புகைவண்டி நிலையத்தில் மூட்டைகளோடு நின்றது, வழியில் ஓணான் ஒன்றைக் கண்டு குழந்தை குனிந்தது ஆகியவற்றைக் காட்டும் படங்கள் அவ்வரலாற்றுள் இடம்பெறுதல் அரிது. ஆயினும் எண்ணிக்கையால் மிக்கன இவையே. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதற்கு வேண்டுவது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். படத்தின் தெளிவோ அழகோ அன்று, அதனோடு சேர்ந்து வரும் எழுத்தே வேண்டுவது என்பது எம் கருத்து.

வீட்டார் எடுக்கும் படம் பயண விருப்பத்தோடு ஒருங்கு பிறந்தது எனலாம். 1877-78 அளவில் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், சாண்டோ டொமிங்கோவுக்குச் செல்ல எண்ணிப் படமெடுக்கும் கருவிகளை வாங்கினார். ஈரத்தகட்டு முறை வழங்கிய காலம் அது. காமிராவோடு முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துக் குப்பிகள், இருட்டறையாகப் பயன்படும் கூடாரம் ஆகியவற்றையும் சுமத்தல் வேண்டும். அவர் அப்பயணம் போகவேயில்லை. சுமையைக் குறைக்கும் வழியில் அவர் உள்ளம் சென்றுவிட்டது. 1888-இல் அவர் வெளியிட்ட கோடக் காமிராவின் விலை 25 டாலர். 100 படங்களுக்குரிய சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்தபின் காமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலர் பெற்றுக்கொண்டு படங்களை அச்சிட்டுப் புதுச்சுருளும் இட்டுத் திருப்பியனுப்பினர். 1900-இல் வந்த பிரௌனி, அட்டையால் ஆய எளிய பெட்டி. விலை 1 டாலர். அது சிறுவர் கைக்கும் எட்டியது.

எளிமை வந்தவிடத்து ஒரு குறையும் உடன்வந்தது. தொழில்முறையில் படமெடுத்தோர் தம் பெயரையும் ஊரையுமேனும் படத்தை ஒட்டிய அட்டையில் அச்சிட்டனர். வீட்டார் எடுத்த படத்தில் அதுவும் இல்லை. படத்தில் இருப்போர் யாவர் என்பதை எல்லாரும் அறிவராதலின் எழுதுதல் மிகை எனக் கருதினர் போலும். அறிந்தோர் மறைந்த பின்னர் அப்படம் ஊமையாகிவிடுகின்றது.

இக்குறையைக் கருவியாலேயே நீக்க ஒரு முயற்சி நடந்தது. 1914-இல் கோடக் நிறுவனம் 'ஆட்டோகிராஃபிக்' என்னும் காமிராவை வெளியிட்டது. அதன் பின்புறத்தே சிறு கதவு ஒன்று உண்டு. படம் எடுத்தவுடன் அக்கதவைத் திறந்து, உலோக எழுத்தாணியால் சுருளின் பின்தாள் மீது நாளையும் இடத்தையும் எழுதுதல் வேண்டும். தாளுக்கும் சுருளுக்கும் இடையே மெல்லிய மைத்தாள் உண்டு; எழுத்தாணி அழுந்திய இடத்தில் அது ஒளியை உள்ளே விடும். சில நொடி வானை நோக்கிக் காட்டிக் கதவை மூடினால், சுருளைக் கழுவும்போது இரு படங்களுக்கு இடைப்பட்ட வெளியில் அவ்வெழுத்துத் தோன்றும். இதனைக் கண்டறிந்தவர் ஹென்றி கெய்ஸ்மன். சவரக்கத்தித் தொழிலிலும் பெயர் பெற்றவர். இவ்வுரிமைக்கு ஈஸ்ட்மன் கொடுத்த தொகை 3,00,000 டாலர். ஏட்டின் இறுதியில் ஆண்டும் திங்களும் நாளும் தம் பெயரும் எழுதி வைத்த நம் சுவடியெழுதுவோரை இவ்வெழுத்தாணி எமக்கு நினைவூட்டுகின்றது. ஆயினும் மக்கள் இதனைப் பெரிதும் விரும்பிக் கைக்கொண்டிலர். 1932-இல் அச்சுருள் நிறுத்தப்பட்டது.

எழுதி வைத்தவர் ஒருவரைக் காண்போம். பிரான்சு நாட்டினராகிய ஜாக் ஆன்ரி லார்திக் 1894-இல் பிறந்தவர். 1902-இல் தந்தையாரிடமிருந்து காமிரா பெற்றார். உறவுப்பெண் ஒருத்தி படிகளினின்று பாய்ந்திறங்குதல், தமையனார் செய்த பறக்கும் ஊர்தி, கடற்கரை, கார்ப் பயணம் எனத் தம் வீட்டாரின் பொழுதுபோக்குகளையே எடுத்தார். அத்துடன் நாட்குறிப்பில் வானிலையையும், தாம் எடுத்த படங்களைச் சிறு கோட்டோவியங்களாகவும் குறித்து வைத்தார். 1963-இல் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் வைக்கப்பட்டபோது உலகம் அவரை அறிந்தது. செல்வக் குடும்பம் ஒன்றின் வாழ்வை ஆண்டு ஆண்டாகத் தொடர்ந்து காணும் வாய்ப்பு அக்குறிப்புகளால் விளைந்தது.

எனினும் குறிப்பு உண்மையாலேயே ஐயம் முழுதும் அகன்றது எனல் ஆகாது. சாய்ந்த சக்கரத்தோடு விரையும் பந்தயக் கார் அவருடைய படங்களுள் மிக்க புகழுடையது. அது 1912-இல் எடுத்ததென்றும், தெலாழ் நிறுவனத்தின் வண்டி என்றும் நெடுங்காலம் வழங்கிற்று. வண்டியில் தெரியும் 6 என்னும் எண் முதலிய அடையாளங்களால் அது 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஓடிய ஷ்னெய்டர் வண்டி எனப் பின்வந்தோர் தெளிந்தனர். பாடவேறுபாடு ஆராய்வார்க்கு இது புதிதன்று.

சிற்றுயிர்களின் படத்திற்கு இக்கருத்து இன்னும் மிகுதியாகப் பொருந்தும். இங்கிலாந்தின் கியர்ட்டன் உடன்பிறந்தாருள் இளையவராகிய செர்ரி 1892-இல் பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தார். பிற்காலத்தில் இருவரும் காளைத்தோலைச் சட்டத்தின் மீது போர்த்து, அதனுள் ஒளிந்திருந்தும் படமெடுத்தனர். 1895-இல் மூத்தவராகிய ரிச்சர்டு எழுத, இளையவர் படங்களோடு வெளிவந்த பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றிய நூலின் பெயரிலேயே, அவற்றை 'எவ்வாறு, எங்கே, எப்போது' கண்டறிவது என்னும் சொற்கள் அமைந்துள்ளன. அம்மூன்றும் இன்றேல் கூட்டின் படம் வெறும் அழகுப் படமே.

இக்காலக் கைபேசி, 1995-இல் ஜப்பானில் வகுத்த எக்சிஃப் முறைப்படி நாளையும் நேரத்தையும் தானே பதிகின்றது. விரும்பின் இடத்தையும் பதியும். பிறர்க்கு அனுப்புங்கால் செயலிகள் சில அவற்றை நீக்கிவிடுகின்றன. உறவுமுறையை எக்கருவியும் தானே எழுதுவதில்லை.

எம் இல்லத்தில் பழைய படம் ஒன்று உளது. பாறையின் முன் நால்வர் நிற்கின்றனர். குழந்தையின் கையில் ஆமைக்குஞ்சு. இடம் குற்றாலம் என்றார் எம் அன்னையார். பாபநாசம் என்றார் அத்தையார். இருவரும் இன்று இலர். மூலையில் தெரியும் பேருந்தின் எண்ணில் மூன்று இலக்கங்களே படிக்கக் கிடைக்கின்றன. புறத்தே பென்சிலால் 'நல்ல வெயில்' என்று மட்டும் எழுதியுள்ளது. அக்கையெழுத்து யாருடையது என்பதையும் யாம் இன்னும் துணிந்திலோம்.