நெடுஞ்சாலைப் பயண மையங்களின் வரவு செலவு: வருவாய் தருவது யார், ஓய்வு தேவைப்படுவது யாருக்கு?

புதுடெல்லி: தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் பெரிய பயண மையங்களை அமைக்கும் பணி நாடு முழுவதும் நடைபெற்று வருகிறது. எரிபொருள், உணவு, கழிப்பறை, மின்வாகன சார்ஜிங், ஓட்டுநர் ஓய்வறை ஆகியவற்றை ஒரே வளாகத்தில் வழங்குவது இவற்றின் நோக்கமாகும். நிலத்தை அரசு தருகிறது. முதலீட்டைத் தனியார் செய்கின்றனர். ஆனால் இம்மையங்களுக்கு மிகுதியாக வருவாய் தரும் பயணி ஒருவர்; இங்கு நின்று ஓய்வெடுக்க வேண்டிய தேவை மிகுதியாக உள்ளவர் வேறொருவர். இத்தொழிலின் பொருளாதாரம் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

திட்டம் என்ன?

22 மாநிலங்களில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலையோர வசதி மையங்கள் அமைக்கப்படும் என இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. சராசரியாக 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்பது இலக்கு. ஆணையத்துக்கு முழுவதும் சொந்தமான தேசிய நெடுஞ்சாலைகள் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை நிறுவனம் இதற்கான ஏலங்களை நடத்துகிறது. ஏலத்தில் வெல்பவர் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்று, கட்டடங்களை எழுப்பி, மையத்தை நடத்தி, ஆண்டுதோறும் குத்தகைத் தொகை செலுத்த வேண்டும்.

உணவகங்கள், கடைகள், ஏடிஎம், குளியலறையுடன் கூடிய கழிப்பறை, குழந்தைகள் விளையாடும் இடம், மருத்துவ உதவி மையம், உள்ளூர்க் கைவினைப் பொருள்களுக்கான கிராமச் சந்தை ஆகியவை பயணிகளுக்கான வசதிகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. பெரிய மையங்களில் லாரி ஓட்டுநர்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கும். அங்கு வாகன நிறுத்துமிடம், பழுதுபார்ப்பு நிலையம், படுக்கை வசதி, தாபா ஆகியவற்றுடன், தாமே சமைக்கவும் துணி துவைக்கவும் இடம் வழங்கப்படும் எனத் திட்டத்தில் கூறப்பட்டுள்ளது.

எரிபொருள் அழைத்து வரும். உணவு சம்பாதித்துத் தரும்

பயண மையத்தின் முகப்பில் தெரிவது பெட்ரோல் நிலையம் என்றாலும், அதில் கிடைக்கும் லாபம் மெல்லியது. 2024 அக்டோபர் இறுதியில் முகவர் கமிஷன் உயர்த்தப்பட்ட பின்னரும், டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு முகவருக்குக் கிடைப்பது 4 ரூபாயைச் சற்றே தாண்டும்; டீசலுக்கு ஏறத்தாழ 3 ரூபாய். விற்பனை விலையில் இது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஊழியர் ஊதியம், மின்சாரம், ஆவியாதல் இழப்பு ஆகியவற்றையும் இத்தொகையிலிருந்தே சமாளிக்க வேண்டும்.

எனவே எரிபொருள் என்பது வாகனத்தை உள்ளே திருப்பும் காரணம் மட்டுமே. தூய்மையான கழிப்பறையும் அவ்வாறே. அது நேரடி வருவாய் எதையும் தருவதில்லை. நாள் முழுவதும் ஆள் வைத்துத் தூய்மைப்படுத்தும் செலவு மட்டுமே உண்டு. ஆயினும் குடும்பத்துடன் செல்லும் ஒருவர் எங்கு நிறுத்துவது என முடிவு செய்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். உள்ளே வந்தவர் தங்கும் இருபது, முப்பது நிமிடங்களில் உணவு, தேநீர், தின்பண்டங்களுக்குச் செலவிடும் பணமே மையத்தைத் தாங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இது எந்த மையத்தின் உண்மைக் கணக்கும் அன்று. தொழிலின் அமைப்பை விளக்குவதற்கான கற்பனைக் கணக்கு. சாலையின் ஒரு திசையில் நாளொன்றுக்கு 15,000 வாகனங்கள் செல்வதாகவும், அவற்றில் 6 விழுக்காடு, அதாவது 900 வாகனங்கள், மையத்துக்குள் திரும்புவதாகவும் கொள்வோம். அவற்றில் பாதி தலா 20 லிட்டர் நிரப்பினால் விற்பனை 9,000 லிட்டர். லிட்டருக்குச் சராசரியாக 3.50 ரூபாய் கமிஷன் எனில் நாளொன்றுக்கு 31,500 ரூபாய் கிடைக்கும்.

வாகனத்துக்குச் சராசரியாக 2.5 பேர் வீதம் 2,250 பேர் தலா 120 ரூபாய்க்கு உண்டால் உணவு விற்பனை 2.70 லட்சம் ரூபாய். உணவகங்கள் அதில் 15 விழுக்காட்டை வாடகைப் பங்காகத் தந்தால் 40,500 ரூபாய். எரிபொருள் முகவராகவும் குத்தகையாளரே இருக்கும் நிலையில், இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 72,000 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடி ரூபாய். நிலக் குத்தகை, கடன் வட்டி, ஊதியம், மின்சாரம், தண்ணீர், தூய்மைப் பணி, காவல் ஆகிய அனைத்தும் இதிலிருந்தே செல்ல வேண்டும்.

உள்ளே திரும்பும் வாகனங்கள் 6 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தால் வருவாய் பாதியாகி 1.3 கோடியில் நிற்கும். ஆனால் செலவு பாதியாகாது. இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு கார் வந்தாலும் விளக்கு எரிய வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும்.

இடமும் காலமும்

டெல்லி–மும்பை விரைவுச் சாலையில் மட்டும் 94 மையங்கள் திட்டமிடப்பட்டன. இது நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏறவும் இறங்கவும் முடியும். சாலையை விட்டு இறங்காத பயணிக்கு வெளியிலுள்ள தாபா எட்டாது. இது மையத்துக்குச் சாதகம். அதேவேளையில் எதிர்த்திசையில் செல்லும் வாகனமும் எளிதில் உள்ளே வர இயலாது. இரு திசைக்கும் சேவை அளிக்க இரு பக்கமும் கட்ட வேண்டும், அல்லது இணைப்புப் பாதை வேண்டும். முதலீடு அதற்கேற்ப உயரும்.

காலமும் முக்கியமானது. இச்சாலையின் டெல்லி–தௌசா–லால்சோட் பகுதி 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; பிற பகுதிகள் கட்டம் கட்டமாகவே திறக்கப்படுகின்றன. சாலை முழுமையாக இணையும் வரை நெடுந்தூரப் போக்குவரத்து முழு அளவில் வராது. கடன் வட்டியோ முதல் மாதத்திலிருந்தே ஓடும். போக்குவரத்து வளர்ச்சியை மிகையாக மதிப்பிட்டு ஏலத்தில் உயர்ந்த குத்தகை கூறியவருக்கு இந்த இடைக்காலமே பெரும் சோதனை. ஏலத்தில் ஒதுக்கப்பட்ட மையங்களைவிட இயங்கத் தொடங்கியவை குறைவாக இருப்பதை இந்தப் பின்னணியிலும் பார்க்க வேண்டும்.

மாநில வரியும் கணக்கை மாற்றுகிறது. ஹரியானாவைவிட ராஜஸ்தானில் டீசல் விலை நெடுங்காலமாகவே அதிகம். தெற்கு நோக்கிச் செல்லும் லாரி, எல்லையைக் கடக்கும் முன்பே தொட்டியை நிரப்பிக்கொள்ளும். எல்லைக்கு அப்பால் உள்ள மையம் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அந்த விற்பனையை இழக்கிறது.

லாரிக்கு இடம் கொடுப்பதன் விலை

ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர் போதும். 18 மீட்டர் நீளமுள்ள டிரெய்லர் லாரிக்கு, திரும்பும் இடத்தைச் சேர்க்காமலேயே, அதைப் போல் ஐந்து மடங்கு வேண்டும். கார் அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிடும். ஓட்டுநர் எட்டு மணி நேரம் உறங்கினால் லாரி எட்டு மணி நேரம் நிற்கும். அந்த ஒரு லாரியின் இடத்தில், அதே நேரத்தில், கணக்கின்படி 80 கார்கள் வந்து செல்லலாம். தாமே சமைத்து உண்ணும் ஓட்டுநர் உணவு அரங்கில் செலவிடுவதும் சொற்பம். லாபத்தை மட்டும் பார்க்கும் நிர்வாகம் எந்தப் பகுதியை முதலில் கட்டும், எதைத் தள்ளிப்போடும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இப்போக்கு புதியதும் அன்று. ஹரியானாவின் முர்த்தலில் லாரி ஓட்டுநர்களை நம்பித் தொடங்கிய தாபாக்கள், இன்று டெல்லியிலிருந்து காரில் வரும் குடும்பங்களுக்கான பெரும் உணவகங்களாக வளர்ந்துள்ளன. 1982-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பக்கீஸ் நிறுவனம், டெக்சாஸ் மாநிலத்தின் லூலிங் நகரில் சுமார் 75,000 சதுர அடிக் கடையும் 120 எரிபொருள் நிரப்புமிடங்களும் கொண்ட மையத்தை 2024-இல் திறந்தது. தூய்மையான கழிப்பறைக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம், பெரிய சரக்கு லாரிகளைத் தன் வளாகங்களுக்குள் அனுமதிப்பதில்லை.

இந்தியாவில் இதே வழி பின்பற்றப்பட்டால் அதன் விலையைச் சாலையில் செல்லும் அனைவரும் தர நேரிடும். 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 விழுக்காடு மட்டுமே. உறக்கமின்றி ஓட்டுவதும், நிறுத்த இடமின்றிச் சாலையோரத்தில் நிற்கும் லாரியும் அறியப்பட்ட ஆபத்துகள்.

யார் ஈடுசெய்வது?

ஜப்பானில் 1993-இல் தொடங்கப்பட்ட ‘மிச்சி நோ எக்கி’ என்னும் சாலை நிலையங்கள் ஒரு விடையைத் தருகின்றன. வாகன நிறுத்துமிடமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அங்கு அடிப்படை நிபந்தனை. ஓய்வு வசதி பொதுச் சேவையாகக் கருதப்படுகிறது. உள்ளூர் விளைபொருள் விற்பனை அதனுடன் இணைந்து நடைபெறுகிறது. அத்தகைய நிலையங்கள் இன்று 1,200-ஐத் தாண்டியுள்ளன.

இந்தியாவிலும் முயற்சிகள் உள்ளன. ஓட்டுநர்களுக்காக முதல் கட்டத்தில் 1,000 நவீன ஓய்வு மையங்கள் அமைக்கப்படும் எனப் பிரதமர் நரேந்திர மோடி 2024 பிப்ரவரியில் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்கள் ‘அப்னா கர்’ என்ற பெயரில் தங்கள் விற்பனை நிலையங்களில் ஓட்டுநர் தங்குமிடங்களை நடத்துகின்றன. 2024 அக்டோபரில் வெளியிடப்பட்ட ‘ஹம்சஃபர்’ கொள்கை, சாலையோர வசதிகளின் தரத்தைப் பயணிகளே மதிப்பிட வழிசெய்கிறது.

தூய்மை குறைந்தால் கார் பயணி குறைந்த மதிப்பெண் அளிப்பார். ஓட்டுநர் பகுதி கட்டப்படவே இல்லையெனில் அதற்கு மதிப்பெண் அளிக்க எவரும் இருக்கமாட்டார். ஆகவே, படுக்கைகளின் எண்ணிக்கையையும் லாரி நிறுத்துமிடத்தின் அளவையும் குத்தகை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்குவதும், அதனால் குறையும் வருவாய்க்கு ஏற்பக் குத்தகைத் தொகையைத் தளர்த்துவதும் கணக்குக்கு ஒத்துவரும் வழிகள். ஏலத்தில் மிக உயர்ந்த குத்தகையைப் பெறுவது அரசுக் கருவூலத்துக்கு நன்மையாகத் தோன்றலாம். ஆனால் அத்தொகையை ஈட்டுவதற்காக முதலில் சுருங்கும் இடம் ஓட்டுநரின் படுக்கையாகவே இருக்கும்.