மூளைப் புற்றுக்கட்டிக்குக் குருத்தணு: பந்திங் குடும்பங்கள் கேட்க வேண்டியது

மலேசியாவின் பந்திங்கில் ஒருவருக்குத் தீராத தலைவலியும் வலிப்பும் வந்து, மூளையில் கட்டி என்று ஸ்கேன் காட்டிவிட்டால், அங்குள்ள மருத்துவமனையோடு வேலை முடிவதில்லை. மூளை அறுவைக்குக் கோலாலம்பூர் போன்ற பெருநகர மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிறகு கதிர்வீச்சுக்காக வாரக்கணக்கில் அலைச்சல். கட்டி கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகை என்றால் இத்தனைக்கும் கிடைப்பது குறுகிய காலமே. 2005இல் வெளிவந்த ஸ்டுப் குழுவினரின் ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற மருந்தையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக மட்டுமே உயர்ந்தது. இந்த இக்கட்டில்தான் "ஸ்டெம் செல் (குருத்தணு) ஏற்றினால் சரியாகும்" என்ற பேச்சு காதில் விழுகிறது. ஆய்வில் சோதிக்கப்படும் குருத்தணு வேறு, பணத்துக்கு ஏற்றப்படும் குருத்தணு வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிளியோபிளாஸ்டோமாவை முழுதாக வெட்டியெடுக்க முடிவதில்லை. புற்றணுக்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவியிருக்கும். 2000இல் ஆபூடி, ஸ்னைடர் குழுவினர் கட்டியுள்ள எலி மூளையின் மறுபாதியில் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினர். அவை கட்டியைத் தேடிச் சென்றன. அன்றிலிருந்து இத்துறையின் ஒரு முக்கியமான கிளை, குருத்தணுவை மருந்தாக அல்ல, மருந்தைச் சுமந்துசெல்லும் ஊர்தியாகவே பார்க்கிறது.

கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை இதை மனிதரில் சோதித்த முறை கவனிக்கத்தக்கது. சைட்டோசின் டீஅமினேஸ் என்னும் நொதியை உருவாக்கும்படி மரபணு மாற்றிய நரம்புக் குருத்தணுக்களை, அறுவையின்போதே கட்டி இருந்த குழியின் சுவரில் செலுத்தினர். சில நாள் கழித்து, 5-ஃபுளூரோசைட்டோசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை வாய்வழி கொடுத்தனர். அணுக்கள் சென்று சேர்ந்த இடத்தில் அந்த நொதி அதைப் புற்றைக் கொல்லும் 5-ஃபுளூரோயூராசிலாக மாற்றும். 2017இல் வெளியான முடிவு 15 பேரைப் பற்றியது. இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்ததில் அணுக்கள் தொலைவிலிருந்த கட்டிப் பகுதிக்கும் போயிருந்தன. அவை புதுக் கட்டியாக வளரவில்லை. 2021இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், புற்றணுவைத் தாக்கும் அடினோவைரஸைச் சுமந்த குருத்தணுக்களை 12 பேருக்குச் செலுத்தியது. இடைநிலை ஆயுள் 18.4 மாதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத முதற்கட்ட ஆய்வு இது. பாதுகாப்பைச் சோதிக்கவே நடத்தப்பட்டது. இதைக் கொண்டு குணமாகும் என்று சொல்வது அறிவியலாகாது.

மரபணு மாற்றம் எதுவுமின்றி இரத்தக்குழாய் வழியே குருத்தணுக்களை ஏற்றுவதற்கு இந்த ஆய்வுகள் சான்றாகா. மெசன்கைமல் என்ற வகைக் குருத்தணுக்கள் கட்டியை ஒடுக்கியதாகவும் வளர்த்ததாகவும் ஆய்வக முடிவுகள் இரு பக்கமும் உள்ளன. மாஸ்கோவில் வேறொரு நோய்க்காகக் கருவின் நரம்பணுக்களைப் பெற்ற சிறுவனுக்கு, தானம் தந்தவரின் அணுக்களிலிருந்தே மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்ததை 2009இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் பதிவுசெய்தனர். ஏற்கெனவே புற்று உள்ள உடலில் இந்த ஆபத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மலேசியாவில் உயிரணு, மரபணு சிகிச்சைப் பொருள்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு உரியது. எனவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: இந்தப் பொருள் அங்கே பதிவானதா? ஆய்வு என்றால் நெறிக்குழு ஒப்புதல் எங்கே? சோதனைப் பொருளுக்கு நோயாளியிடம் ஏன் காசு? எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ரிங்கிட்டைக் கதிர்வீச்சுக்குப் போய்வரும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.