இலக்கம் 67

வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியுமுன் ஓடுவோரிற் சிலர் முதன்முறையாக மரதன் ஓட ஆயத்தமாகிறவர்கள். அவர்களோடு பேசிப் பார்த்தால், முழங்கால் வலியைவிட வேறொரு கவலையே முன்னிற்கக் காணலாம். எல்லோரும் முடித்துவிட்ட பின்னர் நான் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

அந்த ஐயம் அடிப்படையற்றதன்று. மரதன் தூரம் 42.195 கிலோமீற்றர். புதியவர்கள் பெரும்பாலும் பயிற்சியில் 30, 32 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை. உடலில் சேமிக்கப்பட்ட மாச்சத்துத் தீரத் தொடங்குவதும் ஏறத்தாழ அவ்விடத்திலேதான். ஆக, தம்மால் முடியும் என்பதற்குப் போட்டி நாள் வரை அவர்களிடம் சான்று எதுவும் இல்லை.

அவர்கள் அஞ்சுவது இலங்கையர் ஒருவருக்கு ஒலிம்பிக் அரங்கிலேயே நேர்ந்தது. அவர் பெயர் ரணதுங்க கருணானந்த; இராணுவத்தைச் சேர்ந்தவர். அவர் ஓடியது மரதன் அன்று, 10,000 மீற்றர். தூரம் குறைவுதான். ஆயினும் வீதியிலே கடைசியாக வருபவரைப் பலர் கவனிப்பதில்லை. வட்டப் பாதையிலோ ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பின்தங்கியவர் ஒவ்வொரு சுற்றிலும் அதே கண்களுக்கு முன்னால் வந்தாக வேண்டும்.

1964 ஒக்டோபர் 14, டோக்கியோ. உலக சாதனையாளரான அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க்கே வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. வென்றவரோ, எவரும் பொருட்படுத்தியிராத அமெரிக்கப் பழங்குடி வீரர் பில்லி மில்ஸ். நேரம் 28 நிமிடம் 24.4 செக்கன். கிளார்க் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அரங்கு அந்த அதிசயத்தைப் பேசி முடிப்பதற்குள் ஏனையோரும் ஒருவர் பின் ஒருவராக முடித்தனர். பலர் இடையிலேயே விலகியிருந்தனர். 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் மட்டும் முடிவுக் கோட்டைத் தாண்டி மேலும் ஓடிக்கொண்டிருந்தார். முதலில் சிரிப்பும் கேலியும் எழுந்தன. அடுத்த முறை அவர் வந்தபோது அரங்கு அடங்கிப்போயிற்று. பின்னர் கரவொலி தொடங்கிற்று. இறுதிச் சுற்றில் அவர் வேகமெடுத்து ஓடி முடித்தபோது, வெற்றியாளருக்குரிய வரவேற்பே அவருக்கும் கிடைத்தது. நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன், 29ஆவது, அதாவது கடைசி இடம். மில்ஸுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நிமிடம்.

போட்டிக்கு முந்திய நாட்களில் அவர் தடிமனால் உடல்நலம் குன்றியிருந்தார் என்பர். விலகியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஊரில் தமக்கு ஒரு சிறு மகள் இருக்கிறாள், தகப்பன் தோற்றாலும் கடைசிவரை ஓடினான் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்பதே, ஏன் ஓடினீர் என்று கேட்ட பத்திரிகையாளருக்கு அவர் தந்த விளக்கம். இதனை அசாத்தியத் துணிச்சல் என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கோ அது வேறாகப் படுகிறது. வெல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு விடை அந்நேரம் கிடைத்துவிட்டது, முடியாது. எஞ்சியிருந்தவை சுற்றுகள் மட்டுமே. அவற்றை அவர் ஓடினார்.

நம்மவர்க்கு அந்த அரங்கு இன்னொரு வகையிலும் நினைவுக்குரியது. யாழ் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றது அங்கேதான். அவர் பெயர் தமிழரிடையே நிலைத்தது. தங்கம் பெற்றவரை ஊர் நினைவில் வைத்திருப்பது இயல்பே.

கடைசியாக வந்தவரை நினைவில் வைத்திருந்தவர்கள் ஜப்பானியர். கருணானந்த 1974 இல் தமது 38ஆவது வயதில் காலமானார். அவர் ஓடிய கதை ஜப்பானியப் பாடசாலைப் பாடநூலில் இடம்பெற்றது. அங்குள்ள சிறுவர்கள் அவரை அறிந்ததும் அந்த 67ஆம் இலக்கத்தாலேயே.