அத்திப்பட்டின் சாம்பலும் கல்லூரி மாணவர்களும்

அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தை அடுத்து இருக்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என இரண்டு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கு முன்பு இது உப்பும் மீனும் விளைந்த நிலம். அத்திப்பட்டு, வல்லூர், வயலூர்ப் பகுதிகளில் உப்பளங்கள் இருந்தன. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டி முடிக்கப்பட்ட கால்வாயில் உப்பும் விறகும் படகேறி நகருக்குப் போயின. பின்னாளில் பஞ்ச நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்டு, 1878-ல் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்ற கால்வாய் இதுதான்.

கழிமுகத்தில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பாடு முறையில் தொழில் செய்தார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்று ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் அது. வலையில்லாத இருளர் குடும்பங்கள் ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தார்கள். எழுதிவைக்கப்படாத உரிமைகள் இவை. பின்னால் ஆலைகளும் துறைமுகமும் வந்தபோது, பட்டாவும் பத்திரமும் இல்லை என்ற ஒரே காரணத்தால் எவர் கணக்கிலும் சேராமல் போன உரிமைகளும் இவையே.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டு புதுநகரில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994-ல் இயங்கத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 630 மெகாவாட், இரண்டாம் கட்டத்தில் 1,200 மெகாவாட் என்று அது வளர்ந்தது. அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டிய எண்ணூர் துறைமுகம் 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; பிறகு காமராசர் பெயரைப் பெற்றது. எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகும். அந்தக் குழாய்கள் அடிக்கடி உடைந்தன. ஒழுகிய சாம்பல் ஆற்றில் படிந்து, ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்கள் முழங்கால் அளவுக்கு மேடாயின. இறால் குறைந்தது. கிடைத்ததையும் வாங்குவோர் தயங்கினார்கள்.

இதை மனித உரிமைப் பிரச்சினையாகப் பார்க்கும் பார்வை உலகத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. 1948-ன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் சுற்றுச்சூழல் இடம்பெறவில்லை. மாசற்ற நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. 1996-ல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று அறிவித்தது. தூய்மையான, நலமான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் போட்டதோ 2022 ஜூலையில்தான்.

இதே உச்ச நீதிமன்றத்தின் ஆணைகளால் கல்லூரிகளுக்குள்ளும் ஒரு கதவு திறந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, இளநிலைப் பட்டப் படிப்புகள் அனைத்துக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயத் தாளாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்தில், மாசடைந்த ஓர் இடத்தை மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. பெரும்பாலான கல்லூரிகளில் இந்தக் களப்பணி பதிவேட்டில் எழுதி முடிக்கும் சடங்காகிப் போனது உண்மை. ஆனாலும் வணிகவியல் மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரு கழிமுகத்தைத் தன் பாடமாகக் கருதலாம் என்பதற்கு அந்தத் தாள் அனுமதி கொடுத்தது.

மாணவர்கள் தெருவில் இறங்குவது தமிழகத்துக்குப் புதிதன்று. 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கொண்டு செலுத்தியவர்கள் அவர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அது மொழி உரிமைக்கான போர். வெளிப்படையாகவே மனித உரிமைகளின் மொழியில் எழுந்த பெரிய மாணவர் இயக்கம் 2013 மார்ச்சில் வந்தது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டக் கொலைகளுக்குப் பன்னாட்டு விசாரணை வேண்டும் என்று லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் மார்ச் 8-ல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் நள்ளிரவுக்குப் பின் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அதன்பின் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவி, கல்லூரிகளுக்கு அரசு விடுமுறை விட நேர்ந்தது. ஜெனீவாவின் மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை குறித்து எந்த நாடு எப்படி வாக்களிக்கும் என்பது அந்த மாதத்தில் கல்லூரி விடுதிகளின் பேச்சாக இருந்தது.

எண்ணூருக்கும் மாணவர்களுக்கும் நெருக்கம் கூடியது 2017 ஜனவரியில். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களை 23-ஆம் நாள் காவல்துறை கலைத்தபோது, அருகிலிருந்த நடுக்குப்பம் மீனவர்கள் பலருக்குப் புகலிடம் கொடுத்தார்கள். அதற்காகவே தங்கள் மீன் சந்தையைப் போலீசார் எரித்தார்கள் என்று குப்பத்து மக்கள் குற்றம்சாட்டினார்கள். நகரத்து மாணவர்கள் மீனவர் வாழ்க்கையை அவ்வளவு அருகில் கண்டது பலருக்கும் அதுவே முதல் முறையாக இருந்திருக்கும். அது முடிந்து ஐந்தாம் நாள், ஜனவரி 28 அதிகாலையில், காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். சில நாட்களில் எர்ணாவூர் கரைப் பாறைகளில் கறுத்த எண்ணெய்க் குழம்பு அடை அடையாக ஒதுங்கியது. மீனவர்களோடு கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் வரிசையில் நின்று வாளி வாளியாக அதை அள்ளினார்கள். நூறு டன்களுக்கு மேல் கழிவு அகற்றப்பட்டது.

அந்த இளைஞர்களின் மனம் பெரிது. ஆனால் நச்சு எண்ணெயை வாளியில் அள்ள மாணவர்களை இறக்கியது, பேரிடருக்கு ஆயத்தமில்லாத நிர்வாகத்தின் தோல்வி; அதைச் சேவை என்று பாராட்டி முடித்துவிடக் கூடாது. பிள்ளைகள் பலர் போதிய காப்பு உடையில்லாமல் வேலை செய்தார்கள்.

அதைவிட நீடித்த பங்களிப்பு ஆவணங்களின் பக்கம் நடந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் கட்டுமானம் கூடாத பகுதி. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே காணாமல் போயிருந்தது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோள் படத்தையும் வரைபடத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் பதிவுகள் படித்த இளைஞர்களிடையே வேகமாகப் பரவின. அதே ஆண்டு ஜனவரியில், எண்ணூரின் சாம்பல் படிந்த நிலத்தில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா பாடிப் படமாக்கப்பட்ட 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வெளியாகி, இந்த இடத்தைப் பார்த்தறியாதவர்களுக்கும் காட்டியிருந்தது.

பன்னாட்டு ஒப்பந்தங்களைவிட, 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் மாணவர்களின் கையில் கிடைத்த கூர்மையான கருவி. அதன்படி பெரிய திட்டங்கள் பலவற்றுக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டச் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். முழு அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. கடலில் ஐம்பது வருடம் தொழில் செய்தவருக்கு அந்த அறிக்கை சொல்வது பொய் என்று தெரியும். எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் என்று சொல்லத்தான் இன்னொருவர் வேண்டியிருக்கிறது. பொறியியலும் சட்டமும் படிக்கும் பிள்ளைகளால் அதைச் சொல்ல முடியும்.

2020-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கை கருத்துக்கேட்பு அவகாசத்தை 20 நாளாகக் குறைக்க முனைந்தது. அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்திருந்தது. பிற மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-ல் உத்தரவிட்டது. ஊரடங்குக் காலத்தில் வீட்டில் முடங்கியிருந்த மாணவர்கள் அதன் சாரத்தைத் தமிழில் சொல்லும் காணொளிகளையும் பதிவுகளையும் பகிர்ந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் பல லட்சம் கருத்துகள் அமைச்சகத்துக்குப் போயின. அந்த ஜூலையில் இளைஞர்களின் காலநிலை இயக்கமான 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' இந்தியக் கிளையின் இணையதளம் முடக்கப்பட்டது. மின்னஞ்சல் அனுப்பியதற்குச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் வரும் காலம் அது.

அதே வேளையில் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தது. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலையே தூர்த்து எடுக்கப்பட வேண்டியது. 2021 ஜனவரி 22-ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எதிராகப் பழவேற்காடு முதல் எண்ணூர் வரை மீனவர்கள் திரண்டபோது, சென்னையின் இளைஞர் குழுக்களும் மாணவர்களும் சுவரெழுத்தாலும் சமூக ஊடகத்தாலும் அதை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது; 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து மறுபடியும் தள்ளிவைத்தார்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் கசிவுக்கு எதிரான வழக்கைத் தொடுத்து நடத்தியவர்கள் மீனவர்கள் என்பதை இந்த வரலாற்றில் மறைக்கலாகாது. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்துக்கு நேர்ந்த கேட்டைச் சீர்செய்யும் பொறுப்பு மின் உற்பத்திக் கழகத்தினுடையது என்று தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்தபோதும், அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடியபோதும், முதலில் நின்றவர்கள் குப்பத்துப் பெண்களும் ஆண்களும்தான்.

வெளியிலிருந்து வரும் மாணவர் இயக்கத்துக்கு இங்கே ஓர் இயல்பான குறை உண்டு. பட்டப்படிப்பு சில ஆண்டுகளில் முடிந்துவிடும். வழக்கு ஆறேழு ஆண்டு இழுக்கும். அறிக்கை படிக்கக் கற்ற ஒரு தொகுதி வெளியேறினால் அடுத்த தொகுதி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர்கள் குப்பங்களிலிருந்தும் மீஞ்சூர், பொன்னேரி, திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். பட்டம் பெற்ற பிறகும் அவர்கள் வீடு திரும்புவது இந்தச் சாம்பல் காற்றுக்குள்தான். பழைய வண்ணாரப்பேட்டையின் சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியின் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பொன்னேரி அரசு கலைக் கல்லூரி ஆகியவை அவர்கள் படிக்கும் இடங்கள்.

2024 மார்ச்சில் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்துக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் வரும். வட சென்னையின் கல்லூரி நூலகங்கள் ஒவ்வொன்றும் எண்ணூருக்கென ஒரு தட்டை ஒதுக்கி, திட்ட அறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் பசுமைத் தீர்ப்பாயத் தீர்ப்புகளையும் தமிழ்ச் சுருக்கத்தோடு வைக்க வேண்டும். அடுத்த முறை 30 நாள் அறிவிப்பு வரும்போது, மாணவர் எவரும் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கக் கூடாது.